வீட்டைவிட்டுப் போகாத பூனை

அவரைப் பற்றி போடி ஜீப் ஸ்டாண்டில் யாரிடம் கேட்டாலும் முதலில் செருப்புக் கதையைத்தான் சொல்வார்கள். சந்தையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று எட்டாம் நம்பர், இன்னொன்று ஒன்பது. அடுத்த வாரமும் கடைக்காரன் அதே இடத்தில்தான் கடை விரித்திருந்தான். இவரும் அந்த வழியாகத்தான் போனார். மாற்றித் தரச் சொல்லவில்லை. பெரிய செருப்புக்குள் ஒரு துணியைத் திணித்துக்கொண்டு, அது தேய்ந்து அறுகிறவரைக்கும் போட்டு நடந்தார். ஏண்ணே இப்படி என்று கேட்டால், "வந்தது வந்திருச்சு. வச்சுக்கிருவம்ப்பா" என்பார்.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை மலைக்கு ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது அவர் சோலி. நெடுநெடுவென்று இருப்பார். இருபத்தைந்து வருடம் ஜீப்புக்குள் குனிந்து குனிந்து கழுத்து முன்னால் வளைந்துவிட்டது. நின்றுகொண்டு பேசும்போதும் எதையோ தேடுகிறவர் மாதிரிதான் தெரிவார். அவர் ஜீப்பில் டீசல் வாசமும், பெண்களின் தூக்குச்சட்டியிலிருந்து வரும் புளிக்குழம்பு வாசமும் கலந்து அடிக்கும். அந்த ஜீப்புக்கும் ஒரு கதை உண்டு. பூப்பாறைப் பக்கம் ஒருவரிடம் பழைய வண்டியாக வாங்கியது. வாங்கிய எட்டாம் நாளே, என்ஜினுக்குள் வெள்ளத்தண்ணி புகுந்த வண்டி இது என்று மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார். விஷயம் தெரிந்து, விற்றவரே வெட்கப்பட்டு மலையிறங்கி வந்தார். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். இவர் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, அடுத்த ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"வீட்டு வாசல்ல வந்து நின்னுருச்சு. இனிமே எங்கிட்டுப் போகச் சொல்ல?" என்றார் மெக்கானிக்கிடம். அந்த ஜீப் மழைக்காலத்தில் மேட்டில் நின்றுபோகும். பெண்கள் இறங்கித் தள்ளுவார்கள். திட்டிக்கொண்டேதான் தள்ளுவார்கள். ஆனால் மறுநாளும் அவர் வண்டியில்தான் ஏறுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதரை ஊருக்குப் பிடிக்கும். கூடவே ஊருக்கு இன்னொன்றும் தெரிந்துவிடும். அவருக்குக் கத்திரிக்காய் நிறுத்துப் போடுகிறவன் ஒரு சொத்தையைச் சேர்த்துப் போடுவான். அவர் கொண்டுவந்து நீட்ட மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். கண்ணாடித் தொட்டியில் மீன்கள், கூண்டில் லவ் பேர்ட்ஸ். கொரோனா முடிந்த கையோடு ஊரில் பாதிப்பேருக்குப் பெர்சியன் பூனை ஆசை வந்துவிட்டது. போனில் படத்தைக் காட்டி, இது மாதிரி வேண்டும் என்பார்கள். நான் மதுரையில் ஒருவரிடமிருந்து வெள்ளைப் பெண் பூனை ஒன்று வாங்கி வந்து, வீட்டு மாடியில் வைத்துக் குட்டி எடுத்தேன். முதல் ஈத்தில் நாலு குட்டி. நாலும் ஒரே வாரத்தில் போய்விட்டன.

அவர் கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான நேரம். மீன்தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார்.

"வீட்டவிட்டு வெளிய போகாத பூனைன்னு ஒண்ணு இருக்காம்ல?"

"பெர்சியனாண்ணே? ஆமா. வீட்டுக்குள்ளயே கெடக்கும். யாருக்கு, வீட்டுக்கா?"

"அவளுக்குத்தான்."

அவர் மனைவிக்கு வலிப்பு உண்டு என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். பிள்ளைகள் இல்லை. இவர் விடியுமுன் வண்டி எடுத்தால் இருட்டும்போதுதான் வருவார். ஒருநாள் அடுப்படியில் வலிப்பு வந்து, கை அடுப்பின்மேல் விழுந்து முழங்கை வரை வெந்துவிட்டது. அதற்குப் பிறகு அடுப்பு, அரிவாள்மணை எதையும் அவர் தொடவிடவில்லை. தானே ஆக்கி வைத்துவிட்டுப் போனார். சும்மா உட்கார்ந்திருந்தவள் ஒரு நாட்டுப்பூனையைப் பழக்கினாள். அது ஊரைச் சுற்றப் போய் ஒருநாள் திரும்பவில்லை. தேடிக்கொண்டு தெருவுக்குப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாள். பஸ் போகிற ரோடு.

"அதான், வெளிய போகாததா இருந்தா இவளும் தேடிப் போக மாட்டா" என்றார்.

பன்னிரண்டாயிரம் என்று விலை சொன்னேன். பேரம் பேசவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெல சொல்லிட்ட. வளக்குறதுக்கு என்ன ஆகும்? அதச் சொல்லு."

எத்தனையோ பேருக்குப் பூனை விற்றிருக்கிறேன். அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பூனைக்கு என்ன கலர் கண் என்று கேட்பார்கள். நான் சொன்னேன். தயிர்ச்சோற்றில் வளராது, அதற்கென்று தனித் தீனி உண்டு. கழிவுக்கு மண் வாங்கிப் போடணும், தினமும் அள்ளணும். முடியைத் தினமும் சீவணும், இல்லாவிட்டால் சடை விழுந்து தோல் புண்ணாகும். மூக்கு சப்பையாக இருப்பதால் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும், துடைக்கணும். வருடத்துக்கு ஒருமுறை தடுப்பூசி. சித்திரை வெயில் இதற்கு ஆகாது, கரண்ட் போனால் மூச்சு வாங்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், புதுப் பாதைக்கு வழி கேட்டுக்கொள்கிறவரைப் போல. சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா? வேற?"

"வேற ஒண்ணும் இல்லண்ணே."

"நோய் நொடி?"

"தடுப்பூசி போட்டுட்டா ஒண்ணும் வராதுண்ணே."

அதைச் சொன்னபோது நான் மீன்தொட்டிக்குக் காற்று போகிற குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சரியாகத்தான் இருந்தது அது.

உண்மை என்னவென்றால், அதற்கு ஆறு மாதம் முன்பு தாய்ப் பூனை சாப்பிடாமல் கிடந்தது என்று மதுரைக்குக் கொண்டுபோயிருந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள் இருக்கின்றன, இது இந்த ஜாதிப் பூனைகளுக்கு வம்சவழியாக வருகிற நோய் என்றார். குட்டிகளுக்குப் போகலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு, இனிமேல் குட்டி எடுக்காதீர்கள், கருத்தடை செய்துவிடுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பூனை தேறிவிட்டது. நன்றாக ஓடியாடியது. கடை வாடகை, தங்கச்சி கல்யாணம் என்று ஆயிரம் காரணம் எனக்கு. இன்னொரு ஈத்து எடுத்தேன். அந்த ஈத்தில் பிறந்த குட்டியைத்தான் அவருக்குக் கொடுத்தேன். வந்தாலும் நாலைந்து வருடம் கழித்துத்தான் வரும், வராமலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றையும் நினைத்தேன். அதை மறைக்கக் கூடாது. என்ன வந்தாலும் இவர் திருப்பிக் கொண்டுவர மாட்டார் என்று நினைத்தேன்.

துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார்.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். நகம் வெட்டிவிடத் தெரியவில்லை என்று மாதம் ஒருமுறை அவர் என்னைக் கூப்பிடுவார். போவேன். மதினி அதற்கு வெள்ளையம்மா என்று பேர் வைத்திருந்தாள். ரொம்பப் பேசாத மனுசி. என்னிடமும் அவரிடமும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. பூனையிடம் மட்டும் ஓயாத பேச்சு. "ஏண்டி, காலைல போட்டது அப்படியே கெடக்கு. நீ என்ன ஜமீன் வீட்டுப் பொண்ணா? உக்காந்து ஊட்டிவிட நான் இருக்கேன்னு நெனப்பு." திட்டுவாள், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவாள், பிறகு அவளே சமாதானம் ஆவாள்.

ஒருநாள் நான் நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"எனக்கு வலிப்பு வந்தா இது ஒண்ணும் செய்யாது தம்பி. பிரிட்ஜு மேல ஏறி உக்காந்துக்கிரும். ஆனா முழிச்சா இது மூஞ்சி தெரியும். முன்னாடியெல்லாம் முழிச்சா பத்துப் பேரு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருப்பாக. சேலைய இழுத்துவிட்டுக்கிட்டே எந்திரிக்கணும். இது ஒரு பார்வ பாத்துட்டு, அதுபாட்டுக்குக் கால நக்க ஆரம்பிச்சிரும். ஒண்ணுமே நடக்காத மாதிரி."

அவர் விலை கேட்டபோது நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். வண்டி துடைத்துத் துடைத்துக் கறுத்துப்போன கை. அந்தக் கையில் சின்னச் சீப்பு இருக்கிற இடம் தெரியாது. மடியில் துண்டை விரித்துப் பூனையைப் படுக்கவைத்து, வகிடு எடுத்துச் சீவுவார். பீடியை விட்டுவிட்டார். பூனைத் தீனிக்காக விட்டதாக ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அவரிடம் கேட்டதற்கு, "அதுக்குப் புகை ஆகலப்பா, தும்முது" என்றார். சித்திரையில் சன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டினார். அதுவும் போதாமல் ஒரு வருடம் அக்னி நட்சத்திரம் முழுக்க மதினியையும் பூனையையும் மலைக்கே கூட்டிப் போய்விட்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் தெரிந்த கங்காணி ஒருவரின் லயத்து வீடு காலியாக இருந்தது. முன்சீட்டில் மதினி மடியில் வெள்ளையம்மாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் பதினைந்து பெண்கள் நெருக்கிக்கொண்டு போனார்கள்.

"அண்ணே, எங்களுக்குக் கால் வைக்க எடமில்ல, இந்த வெள்ளக்காரிக்கு முன்சீட்டா?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

"அவ எறங்கித் தள்ளுவான்னா அவளயும் பின்னால ஏத்துறேன்" என்று மதினி திருப்பிச் சொன்னாளாம். மதினி பதில் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது வருடம் கார்த்திகை மாதம் அவர் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தண்ணி நெறையாக் குடிக்குதுப்பா. மண்ணு ரெண்டு நேரம் அள்ள வேண்டியிருக்கு. எலும்பு தட்டுப்படுது, சீவுறப்ப."

எனக்குப் புரிந்துவிட்டது. வயிற்றுக்கோளாறாக இருக்கும், தீனி மாற்றிப் பார்ப்போம் என்றேன். இருபது நாள் அதில் போனது. தேனியில் காட்டினோம். மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் முன்பு போன டாக்டரிடம் போகவில்லை. வேறொருவரிடம் கூட்டிப் போனேன். நான் வழி சொன்ன இடத்துக்கு அவர் வண்டியை ஓட்டினார். மதினி வீட்டில் இருந்தாள். அவள் துணி விரித்துக் கொடுத்த பிளாஸ்டிக் கூடைக்குள் பூனை சுருண்டு கிடந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கறுப்பாக வட்டங்கள், பெரிதும் சின்னதுமாக. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் கனவில் பார்த்துக்கொண்டிருந்த வட்டங்கள் அவை.

"இது பிறவியிலயே வர்றது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "வித்தவங்களக் கேட்டீங்களா?"

"இந்தா, வித்த தம்பியே கூட வந்திருக்கு" என்று அவர் என்னைக் காட்டினார். அதில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்கிறதே என்ற நிம்மதிதான் அவர் குரலில் இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "தாய்க்கு இருந்துச்சா?"

"தெரியாதுங்க மேடம்" என்றேன்.

குணப்படுத்த முடியாது என்றார். தோலுக்கடியில் தினமும் சலைன் ஏற்றினால் கொஞ்ச காலம் உபத்திரவம் இல்லாமல் இருக்கும். வீட்டிலேயே செய்யலாம். ஊசி குத்துவதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். செலவு எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்டார். சொன்னார்கள். தலையை ஆட்டினார்.

திரும்பும்போது ஜீப்பை ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கூடை நடுவில் பெஞ்சின்மேல் இருந்தது. அதற்குள்ளிருந்து பூனை என்னையே பார்த்தது என்று சொன்னால் அது பொய். தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கத்தைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்ணே" என்றேன். "தாய்க்கு இருந்துச்சு. டாக்டரு குட்டி எடுக்காதன்னு சொன்னாரு. தெரிஞ்சேதான் உங்களுக்குக் குடுத்தேன். நீங்க அன்னிக்கு நோய் நொடி இருக்கான்னு கேட்டீங்க. இல்லன்னு சொன்னேன்."

அவர் டீயைக் குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

"பணத்தத் திருப்பித் தந்திர்றேன். இதயும் நானே வச்சுப் பாத்துக்கிறேன்ணே. மதினிக்கு வேற ஒரு எடத்துல இருந்து நல்ல குட்டியா..."

"தம்பி" என்றார். நான் நிறுத்தினேன்.

ரோட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு லோடு லாரி ஏறி வந்து, கடந்து போனது. பிறகு, எனக்குச் சொல்வது மாதிரி இல்லாமல், ரோட்டுக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"கல்யாணம் முடிஞ்சு பதினோராம் நாளு அவளுக்கு வலிப்பு வந்துச்சு. எங்க யாருக்கும் தெரியாது. நான் பயந்து போயி அவ அப்பனக் கூட்டியாந்தேன். அவரு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு அழுகுறாரு. சின்னப்புள்ளயில இருந்து இருக்கு மாப்ளே, சொன்னா யாரு கட்டுவான்னு மறைச்சுட்டோம்னு. எங்க வீட்டுல ஒரே சண்ட. கூட்டிட்டுப் போகச் சொல்லு, கூட்டிட்டுப் போகச் சொல்லுன்னு. அவ உள்ள கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தயும் கேட்டுக்கிட்டு இருக்கா. இருபது வயசு."

டீயை அப்படியே மண்ணில் ஊற்றினார்.

"நீ இப்ப எங்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லிராத. பூனைக்குச் சீக்கு வந்திருச்சுன்னா தாங்கிக்கிருவா. யாருக்கும் வர்றதுதான. மறைச்சுக் குடுத்ததுன்னு தெரிஞ்சா, தன்னையும் அப்படித்தான குடுத்தாகன்னு நெனைப்பா. அத மறக்க வைக்கத்தான் நான் இவ்வளவு வருசமும்..."

முடிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். போடி வந்து இறங்குகிறவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "நாளைக்கு வெரசா கடையடச்சுட்டு வா. ஊசி குத்துறப்ப ஒரு ஆளு கூட இருந்தா நல்லது" என்றார். அவ்வளவுதான். அவர் என்னை அடித்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் போனேன். சலைன் பாட்டிலை ஆணியில் தொங்கவிட்டிருந்தார். மதினி பூனையை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். முதுகுத் தோலைக் கொத்தாகத் தூக்கி ஊசியைக் குத்த வேண்டும். அவர் தூக்கினார். கை நடுங்கியது. மலைமேட்டில் ஜீப் சக்கரத்தைக் கழற்றித் தூக்கின கை அது. இரண்டாம் முறையும் நடுங்கியது.

"கொண்டா இங்கிட்டு" என்றாள் மதினி.

"உனக்கு எதுக்கு, ஊசி கீசியெல்லாம்..."

"கொண்டான்னா கொண்டா. நீங்க புடிங்க."

அடுப்புப் பக்கம் விடாத மனிதர், அரிவாள்மணையை எடுத்து ஒளித்து வைத்த மனிதர், ஊசியை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரே குத்தாகக் குத்தினாள். பூனை சின்னதாக முனகியது. "ஆச்சுடி, ஆச்சு. இந்த ஆளு கையில மாட்டிருந்தேன்னா பொத்தல் பொத்தலாத்தான் போயிருப்ப" என்றாள். அவர் பூனையின் தலையைத் தடவிக்கொண்டே அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பு அவளை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு நான் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் போவேன். மருந்து வாங்கிக் கொடுப்பேன். பணம் வாங்க மாட்டேன் என்றால் சட்டைப்பையில் திணித்து அனுப்புவார். எட்டு மாதம் ஓடியது. அவர் வண்டியை மூன்று மணிக்கே மலையிலிருந்து இறக்கப் பார்ப்பார். தோட்டத்துக்காரர்களிடம் பேச்சு வாங்கினார். இரண்டு தோட்டம் வேறு ஜீப்புக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சலைன் ஏற்றுவார்கள். யார் தீனி வைப்பது, இன்றைக்கு எவ்வளவு தின்றது, நீங்க பிடிச்சது சரியில்ல, நீ குத்துனது சரியில்ல என்று சண்டை வேறு.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் வெள்ளையம்மா மதினி மடியிலேயே அடங்கிவிட்டது. அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கொல்லையில் முருங்கை மரத்தடியில் நான்தான் குழி வெட்டினேன். கல் பூமி. கடப்பாறை கையைக் கிழித்தது. மதினி அதைச் சீவி, கண்ணைத் துடைத்து, தன் பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். அழவில்லை. அவர்தான் அழுதார். நெடிய ஆள், வளைந்த கழுத்தோடு நின்று, சத்தம் வராமல் அழுதார்.

வெள்ளையம்மாவைக் காட்டிவிட்டு மதுரையிலிருந்து திரும்பிய வாரமே தாய்ப் பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டேன். அதுவும் பிறகு இதே நோயில்தான் போனது. இப்போது கடையில் மீன்கள் மட்டும்தான். அதே ஈத்தில் பிறந்த மற்ற இரண்டு குட்டிகளை வாங்கியவர்களிடமும் போய்ச் சொன்னேன். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இன்னொருவர் போலீசுக்குப் போவேன் என்றார். அந்தத் திட்டெல்லாம் காதுக்கு ஆறுதலாக இருந்தது.

பூனை போய் நாலு மாதத்தில் அவரும் போய்விட்டார். போடிமெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பெண்கள் வந்து ஏறுவதற்காக ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் காத்திருந்தவர், எழுப்பியபோது எழுந்திரிக்கவில்லை. அன்றைக்கு அந்த ஜீப்பை வேறொரு டிரைவர் ஓட்டி வந்தார். பெண்கள் அவரைத் தங்கள் மடிகளில் நீளவாக்கில் கிடத்திக்கொண்டு இறங்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்த பிறகு ஒரு காலையில் மதினியைப் பார்க்கப் போனேன். அண்ணன் மகள் ஒருத்தி துணைக்கு வந்து இருந்தாள். மதினி அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். வெந்த கையில் தோல் சுருங்கி மினுமினுத்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணைக் கடைக்கு அனுப்பினாள்.

நான் உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"பூனைக்குச் சீக்கு இருக்குன்னு தெரிஞ்சுதான தம்பி குடுத்த?"

"அண்ணன் சொன்னாரா?"

"அவரு எங்க சொல்லுவாரு. மதுரயில இருந்து வந்து எறங்குனாரு பாரு, அந்த மூஞ்சியப் பாத்தேன். எங்க அப்பா அழுதுட்டுப் போனாரே, அன்னிக்கும் அவருக்கு அதே மூஞ்சிதான். எவனோ மறைச்சுட்டான், இவரு ஏத்துக்கிட்டாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. உன்னத் தவிர அது யாரா இருக்க முடியும்?"

"மன்னிச்சிருங்க மதினி."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். உலைக்குள் அரிசியைப் போட்டாள்.

"உன்னத் திட்டுனாரா?"

"இல்ல."

"எங்க அப்பாவயும் திட்டல. அவரு சாகுற வரைக்கும் தீவாளிக்கு வேட்டி எடுத்துக் குடுத்தாரு. என்னய ஒரு சொல்லு சொன்னதில்ல. இந்த மாதிரி ஒரு மனுசன ஒலகத்துல பாக்க முடியாது தம்பி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒரே ஒரு தடவ கோவப்பட்டிருந்தாருன்னா, நானும் பதிலுக்கு ரெண்டு கேட்டு, அழுது, அன்னிக்கோட அது தீந்திருக்கும். அவரு வச்சுக்கிட்டாரு. முப்பது வருசமா என்னய வச்சுக்கிட்டே இருந்தாரு. நான் முப்பது வருசமும் நன்றியாவே இருந்தேன். அது எம்புட்டுக் கனம்னு உனக்குத் தெரியுமா?"

அடுப்பைக் குறைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பூனைக்கு ஊசி குத்துனோம்ல, அந்த எட்டு மாசம். அப்பத்தான் ரெண்டு பேரும் சேந்து ஒண்ணப் பாத்துக்கிட்டோம். அவரு கை நடுங்குச்சு, நான் குத்துனேன். சண்ட போட்டேன். ஒருநாளு கோவத்துல என்னயப் பாத்து, உனக்கு அறிவிருக்காடின்னு கேட்டுட்டாரு. கேட்டுட்டு அவரே பயந்துட்டாரு. நான் உள்ள போயிச் சிரிச்சேன் தம்பி. அம்புட்டுச் சந்தோசம். நான் அந்த மனுசனுக்குப் பொண்டாட்டியா இருந்தது அந்த எட்டு மாசந்தான்."

வெளியே கடைக்குப் போன பெண் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. மதினி எழுந்தாள். எழுந்தவள் நின்று, என்னை நேராகப் பார்த்தாள்.

"அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிராது."

"ஆகாது மதினி" என்றேன்.